முந்நூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டர்

மணி எட்டு ஐந்து. மழைமானியில் ஒரு சொட்டுகூட இல்லை என்பது திலகவதிக்குத் தெரியும். நேற்றுப் பகல் முழுக்க வெயில், விடியற்காலையில் பேருக்குக் கொஞ்சம் பனி, அவ்வளவுதான். ஆனாலும் எட்டரைக்குத்தான் பார்க்க வேண்டும், எட்டரைக்குத்தான் நோட்டில் எழுத வேண்டும். நேற்று எட்டரையிலிருந்து இன்று எட்டரை வரை பெய்ததுதான் ஒரு நாள் மழை, நாடு முழுக்க இதுதான் விதி, ஐந்து நிமிடம் முன்னே பின்னே போனாலும் அது கணக்கே இல்லை என்று முப்பத்தொரு வருஷமாக ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள் அவள். அதனால் கடலூர் முதுநகரில் தன் வீட்டு மொட்டை மாடியில், கவிழ்த்துப்போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து, காலியாகக் கிடக்கும் மழைமானிக்குக் காவல் இருந்தாள். கீழே தம்பி கொளஞ்சிநாதன் அம்மாவின் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். அம்மாவோடு சேர்த்துத் திருப்பூருக்குக் கொண்டுபோகிறானாம். வண்டி எட்டேகாலுக்கு வருமாம். நன்றாகக் கட்டட்டும். அந்தப் பித்தளைக் கூஜாவையும் கட்டட்டும், அந்தப் பழைய ரேடியோவையும் கட்டட்டும், எது எது இந்த வீட்டில் இருந்தால் அக்காவுக்கு அம்மா ஞாபகம் வருமோ அதையெல்லாம் விடாமல் பொறுக்கிக் கட்டட்டும். பெட்டியை இழுக்கிற சத்தம் மேலே வரைக்கும் கேட்டது. தூக்கிவைக்கத் தெரியாதா இவனுக்கு, தரையெல்லாம் கோடு போட்டுவிட்டுப் போகப்போகிறான். எல்லாச் சத்தமும் இந்த மாடிப்படிக் கூண்டு வழியாக மேலே வந்துவிடும், கரண்டி விழுந்தால்கூடக் கேட்கும், அப்படிக் கட்டியிருக்கிறான் கொத்தனார். எல்லாம் கேட்கும். அந்த இடத்துக்கு வந்ததும் அவள் நினைப்பு முள்ளில் மாட்டிய துணியாக நின்றது. பிடுங்கிக்கொண்டு வேறு பக்கம் போனாள்.

நேற்றுச் சாப்பிட உட்கார்ந்தபோது கொளஞ்சி என்ன சொன்னான்? “ஒனக்கு மழைதாங்க்கா முக்கியம். அம்மா விழுந்து கெடந்தப்பகூட நீ மாடியிலதான இருந்த.” சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டான். கையில் இருந்த கரண்டியை அவன் தலையில் போட்டிருக்கலாம், போடவில்லை. அதற்குள் கட்டிலில் இருந்து அம்மா குரல் கொடுத்தாள். “கொட்டுற மழையில அவளுக்குக் கேக்கலடா. பாவம், அவ என்ன பண்ணுவா?” மூன்று வாரமாக இதையேதான் சொல்கிறாள் அம்மா. ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டரிடம் சொன்னாள், பார்க்க வந்த சித்தியிடம் சொன்னாள், பக்கத்து வீட்டு மேகலையிடம் சொன்னாள். அவளுக்குக் கேக்கல, பாவம். யார் கேட்டார்கள் இந்தப் பொய்யை? எழுபத்தாறு வயதில், இடுப்பில் பிளேட் வைத்துக்கொண்டு, மகளுக்காக வாய் கூசாமல் பொய் சொல்லச் சொல்லி யார் கெஞ்சினார்கள்? அம்மா ஒரு வார்த்தை திட்டியிருந்தால், சண்டாளி, பாதகத்தி என்று ஏதாவது ஒன்று வாயில் வந்ததைச் சொல்லியிருந்தால், அவளும் பதிலுக்குக் கத்தி, அழுது, சோறு சாப்பிடாமல் படுத்து, மறுநாள் காலையில் காபி போட்டுக் கொடுத்துச் சரியாகியிருக்கும். அம்மா அதற்கு இடமே கொடுக்கவில்லை. இப்போது அம்மா போகிறாள். போகக் கூடாது. அம்மா இந்த வீட்டைவிட்டுப் போகக் கூடாது, திலகவதிக்கு அது ஒன்றுதான் வேண்டும், ஆனால் அதைத் தம்பியிடம் எந்த வாயால் கேட்பது? கேட்பதென்றால் முதலில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நடந்ததைச் சொல்லிவிட்டால் அம்மாவை அவன் ஒரு நிமிஷம்கூட இங்கே விடமாட்டான். நல்லா வந்து மாட்டிக்கொண்டாள். மணி எட்டு எட்டு.

மழைதான் முக்கியம் என்கிறான். ஆமாம், முக்கியம்தான், என்ன இப்போது? ஒருத்தனுக்கு கிரிக்கெட் முக்கியம், ஒருத்தனுக்குச் சீட்டாட்டம் முக்கியம், இவனுக்கு இவன் பனியன் கம்பெனி முக்கியம். கிரிக்கெட் பைத்தியம் பிடித்தவனைப் பிடித்து உங்கள் வீட்டில் யார் செத்தார்கள் என்று எவனாவது கேட்கிறானா? அவளைக் கேட்டார்கள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒரு டிவிக்காரப் பையன் மைக்கை நீட்டிக்கொண்டு இதே மாடிக்கு வந்தான். “புயல்ல யாரையாவது இழந்தீங்களா மேடம்? அதனாலதான் இந்த ஆர்வமா?” இல்லை என்றாள். “நெருங்கின சொந்தம் யாராச்சும்?” யாரும் இல்லப்பா, ஒரு முருங்கை மரம் போச்சு, அதுவும் மேகலை வீட்டு மரம் என்றாள். அவன் முகம் தொங்கிப்போனது. அந்தப் பேச்சை அவர்கள் போடவே இல்லை, மழைமானியை மட்டும் ரெண்டு நொடி காட்டிவிட்டு அழுகிற வேறு ஒரு அம்மாளைக் காட்டினார்கள். புயலைப் பிடித்துப்போக ஒரு சாவு வேண்டுமாம், அதுவும் பொம்பளை என்றால் கட்டாயம் வேண்டுமாம். அவளுக்கு அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. அவளுக்குப் பிடித்தது, அவ்வளவுதான். ஒன்பது வயதில், ரயில்வேயில் கூட்ஸ் ஷெட் கிளார்க்கான அப்பாவுக்குக் கொடுத்திருந்த ஓட்டு வீட்டில், காலையிலிருந்து வடக்குக் காற்று கதவைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தது. ஓடு ஒவ்வொன்றாகப் பறந்தது. கொளஞ்சி கைக்குழந்தை, அம்மா அவனை மடியில் அமுக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் கிடந்தாள். மூன்று மணி இருக்கும், திடீரென்று காற்றை யாரோ கழுத்தைப் பிடித்து நிறுத்தியதுபோல் நின்றது. அப்பா கதவைத் திறந்தார். வெளியே மஞ்சளாக ஒரு வெளிச்சம். காது அடைத்தது. தெருவில் வெள்ளை வெள்ளையாகக் கடல் பறவைகள், பறக்கத் தெம்பில்லாமல், ஆள் கிட்டே போனாலும் நகராமல் உட்கார்ந்திருந்தன. தலைக்கு மேலே மட்டும் கொஞ்சம் நீல வானம், சுற்றிலும் கறுப்பு. அவள் தெரு நடுவில் போய் நின்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. ஐம்பதை நெருங்குகிற வயதில் இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டியதுதானே? ஊரே ஓடு இழந்து, மாடு இழந்து கிடந்தபோது ஒரு ஒன்பது வயதுப் பெண் தெரு நடுவில் நின்று சிரித்தாள். இருபது நிமிஷம் கழித்துத் தெற்கிலிருந்து காற்று திரும்பி அடித்தது. அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து கதவைச் சாத்தினார். அது புயலின் கண், நாம் அதுக்குள்ள நின்னோம் என்று அப்பா அப்புறம்தான் சொன்னார். யாரும் சாகவில்லை. எல்லாரும் நன்றாக இருந்தார்கள். அப்பா அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷம் இருந்து சர்க்கரை வியாதியில் போனார்.

அதிலிருந்து பிடித்தது. பிடித்ததற்கு வாங்கிய அடியும் கொஞ்சநஞ்சமில்லை. ரேடியோவில் வானிலை அறிக்கை வரும்போது யாராவது பேசினால் எரிந்து விழுவாள். பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளை மிதித்துத் துறைமுகத்துக்குப் போய்க் கம்பத்தில் எத்தனாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வருவாள். பொட்டைப் பிள்ளைக்குத் துறைமுகத்தில் என்ன வேலை என்று அப்பா பெல்ட்டை உருவினார். அதே அப்பாதானே கதவைத் திறந்து காட்டினது? பன்னிரண்டாவது முடித்து, ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்து, முதல் வேலையாக இந்த மழைமானியை வரவழைத்தாள். பெண் பார்க்க வந்தவர்களில் ஒருத்தர் மாடிக்கு வந்து இதென்ன, துளசி மாடமா என்று கேட்டார். அத்தோடு அந்தச் சம்பந்தம் போனது, அதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. இப்போது போனில் குழு இருக்கிறது. இருநூற்றுப் பதினாலு பேர், ராப்பகலாக மேகப்படம் பார்க்கிற பைத்தியங்கள், முக்கால்வாசி அவள் வயதில் பாதி. அக்கா என்கிறார்கள். அக்கா, சிஸ்டம் செமையா வருது. அக்கா, இந்தத் தடவ நமக்குத்தான். காற்றழுத்தத் தாழ்வு ஆந்திராவுக்குத் திரும்பிவிட்டால் கைகூடி வந்த கல்யாணம் நின்றுபோன வீடாக அழுவார்கள். அவளும்தான் அழுதிருக்கிறாள். ஏமாத்திடுச்சு என்று அவளும்தான் எழுதியிருக்கிறாள், எழுதின மறுநாள் அது போன இடத்தில் ஆறு பேர் செத்ததைப் படித்து, அழித்துவிட்டு, அழித்ததற்கும் சேர்த்து வெட்கப்பட்டிருக்கிறாள். மேகலை வேறு, கம்பிக்கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, “புயல் வந்தா எங்களுக்கு எழவு, இவளுக்குத் தீபாவளி” என்கிறாள். அடி அறிவு கெட்டவளே, நான் வேண்டாம் என்று சொன்னால் அது வங்கக் கடலிலேயே உட்கார்ந்துகொள்ளுமா? நான் ஆசைப்பட்டா உன் முருங்கை விழுந்தது? வருகிறது என்று மூன்று நாள் முன்னாலேயே சொல்லி இந்தத் தெருவையே மாடி வீட்டுக்கு ஏறச் சொன்னது யார்? உன் மாமியாரைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனது யார்? அதையெல்லாம் எவளும் சொல்லமாட்டாள். ஊர் மாமியாரையெல்லாம் கைப்பிடித்துக் கூட்டிப்போனாள். நினைப்பு அங்கேயே வந்து மறுபடியும் மாட்டிக்கொண்டது.

மூன்று வாரத்துக்கு முன்னால் அடித்த புயலின் பேரைக்கூட அவள் இப்போது சொல்வதில்லை. ராத்திரி கரையைக் கடந்து, காற்று போய்விட்டது, மழை மட்டும் விடாமல் ஊற்றியது. காலை எட்டு இருபத்தெட்டுக்கு அவள் குடையில்லாமலே மாடிக்கு ஓடினாள். மழைமானிக்குள் இருக்கிற பத்து லிட்டர் கேன் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. முப்பத்தொரு வருஷத்தில் இருநூற்று எழுபதைத் தாண்டியதே இல்லை. கேனை எடுத்துவிட்டு, விழுகிற மழை வீணாகாமல் மாற்றுக் கேனை உள்ளே வைத்து, மாடிப்படிக் கூண்டுக்குள் ஒதுங்கினாள். அளவு ஜாடியில் ஒரு தடவைக்கு இருபது மில்லிமீட்டர்தான் பிடிக்கும். ஊற்ற வேண்டும், கண்ணை நீர்மட்டத்துக்கு நேராகக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும், கொட்ட வேண்டும், மறுபடி ஊற்ற வேண்டும். கொட்டினது கொட்டினதுதான், திரும்ப அளக்க முடியாது. நடுவில் ஒரு ஜாடி விட்டுப்போனால் இருபது மில்லிமீட்டர் போச்சு, மொத்தமும் போச்சு. அதனால் மழை இரைச்சலுக்கு மேல் சத்தம் போட்டு எண்ணுவாள். லாபம், ரெண்டு, மூணு. முதல் அளவை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று சொல்வது நெல் அளக்கிறவர்கள் பழக்கம், அம்மா சொல்லிக் கொடுத்தது. ஆறாவது ஜாடியில் அம்மா கூப்பிட்டாள். “திலகா!” இதோ வரேம்மா என்று கத்தினாள். காபிக்காக இருக்கும். கரண்ட் இல்லை என்று சொல்லக் கூப்பிட்டிருப்பாள். ஒன்பதாவது ஜாடியில் இன்னொரு தடவை. “திலகா!” அந்தக் குரல் வேறு மாதிரி இருந்தது. இருந்ததா? இருந்தது. அதற்குப் பதிலாக அவள் ஒம்போது என்று இன்னும் உரக்கக் கத்தினாள். அவ்வளவுதான் சொன்னாள். அப்புறம் அம்மா கூப்பிடவில்லை. மூன்றாவது தடவை கூப்பிடவில்லை. எல்லாம் அங்கேதான் இருக்கிறது, அந்த மூன்றாவது தடவையில்தான் இருக்கிறது. கூப்பிட்டிருந்தால் ஜாடியைப் போட்டுவிட்டு ஓடியிருப்பாள். சத்தியமாக ஓடியிருப்பாள். வலிக்கிறவள், ஈரத் தரையில் விழுந்து கிடப்பவள், தொண்டை கிழியக் கத்த வேண்டாமா? ரெண்டு தடவை கூப்பிட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டால் மேலே இருப்பவளுக்கு எப்படித் தெரியும்? சும்மா கூப்பிட்டாள், வேலை முடிந்துவிட்டது என்றுதானே நினைப்பாள்? மூன்று வாரமாகத் திலகவதி அம்மாமேல் பொங்கிக்கொண்டிருப்பது இதற்குத்தான். ஒரே ஒரு தடவை. ஐந்து நிமிஷம், எல்லாம் ஐந்து நிமிஷத்துக்குள் நடந்தது.

ஐந்து இல்லை. ஆறாவது ஜாடியிலிருந்து பதினாறாவது ஜாடி வரைக்கும், ஜாடிக்கு முக்கால் நிமிஷம் போட்டாலும் ஏழரை. ஆய்வகத்தில் பிள்ளைகளுக்கு அளவைச் சொல்லித் தருகிறவள், தன் கணக்கில் மட்டும் இப்படித் தள்ளுபடி கொடுக்கலாமா? பதினைந்து ஜாடி முழுசு, பதினாறாவதில் பன்னிரண்டு. முந்நூற்றுப் பன்னிரண்டு. எழுதினாள். எழுதிவிட்டுக் கீழே போனாளா? போகவில்லை. சரி, இதையும்தான் சொல்லித் தொலைப்போமே, இங்கே யார் இருக்கிறார்கள் கேட்க. நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்தாள். ஈரக் கையில் போன் வழுக்கியது, முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடி எடுத்தாள். குழுவில் போட்டாள். முதல் நாலு பதில் வரும்வரைக்கும் நின்றாள். அக்கா மாஸ். அக்கா வேற லெவல். ஒருத்தன் பதினேழு தீப்பொறிப் படம் போட்டான். அவள் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றாள், தெரு நடுவில் நின்ற அந்த ஒன்பது வயதுக் கழுதைக்கு இன்னும் புத்தி வரவில்லை. எல்லாம் சேர்த்தால் பதினைந்து நிமிஷத்துக்குக் குறையாது. படியிறங்கிப் போனபோது குளியலறை வாசலில் அம்மா ஒரு பக்கமாகப் படுத்திருந்தாள், புடவை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது, முகம் வெளுத்திருந்தது, கண் திறந்திருந்தது. “வந்துட்டியா” என்றாள். ஆம்புலன்ஸ் தண்ணீரில் மெதுவாக வந்து சேர ஒன்றரை மணி நேரமானது, அதுவரைக்கும் அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடுப்பில் செருகிய போன் துடித்துக்கொண்டே இருந்தது. அன்றைக்கு மாவட்டத்திலேயே அதிக மழை அவள் மாடியில்தான் என்று பிற்பாடு தெரிந்தது. குழுவில் ஒருத்தருக்கொருத்தர் வாழ்த்துச் சொல்லிக்கொண்டார்கள்.

“அக்கா!” கொளஞ்சி படிக்குக் கீழே நின்று கூப்பிட்டான். “வண்டி வந்துடுச்சி. அம்மா ஒன்னக் கேக்குது.”

மணி எட்டு பதினெட்டு. எட்டரை ஆகட்டும் என்று சொல்ல வாய் திறந்துவிட்டது. அந்த வாயைக் கையால் பொத்தினாள். காலியான கேனுக்கு, ஒரு சொட்டும் இல்லாத கேனுக்கு, இன்னும் பன்னிரண்டு நிமிஷம் உட்கார்ந்திருக்க நினைத்தாளே, இவளை என்ன செய்யலாம்? இறங்கினாள். ஒவ்வொரு படியிலும் கோபம் ஏறிக்கொண்டே வந்தது, தம்பிமேல், மேகலைமேல், குழுவில் தீப்பொறி போட்டவன்மேல், எல்லாரையும்விட அம்மாமேல். கூடத்தில் அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், தலைவாரி, நல்ல புடவை கட்டியிருந்தாள், கொளஞ்சிதான் எப்படியோ கட்டிவிட்டிருக்க வேண்டும், கொசுவம் கோணலாக இருந்தது. கொளஞ்சி வாக்கரைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் போனான். அவன் தலை மறைந்ததும் திலகவதி கட்டில் அருகே போய், விசாரிக்கவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை, நேராகச் சண்டைக்குத்தான் நின்றாள்.

“மூணாவது தடவ ஏன் கூப்பிடல நீ? ரெண்டு தடவ கூப்பிட்டியே, மூணாவது தடவ கூப்பிட வாயில என்னா வந்துச்சு ஒனக்கு? கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்ல?”

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இதை இவ்வளவு நாள் கேட்காமல் இருந்தாளே என்று பார்ப்பதுபோல் இருந்தது.

“நீ எண்ணிக்கிட்டில்ல இருந்த. ஒம்போதுன்னு கத்துன. திரும்பக் கூப்பிட்டா எண்ணிக்கை தப்பிப்போவும். ஊத்துன தண்ணிய அப்புறம் எங்கேருந்து எடுப்ப?”

திலகவதி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“நானும் கூடவேதான் எண்ணிக்கிட்டுக் கெடந்தேன்” என்றாள் அம்மா. “பத்து, பதினொண்ணுன்னு. வலிக்கு அது கொஞ்சம் தேவலாம்போல இருந்துச்சு. பதினாறுன்னதோட ஒஞ் சத்தம் நின்னுச்சா, சரி, முடிஞ்சிடுச்சி, இந்தா வந்துடுவான்னு பாத்தேன்.” முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். “அதுக்கப்புறம்தான் ரொம்ப நேரம் ஆயிடுச்சி.”

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கொளஞ்சி உள்ளே வந்தான். “கெளம்பலாமாம்மா? வெயிலுக்கு முன்னாடி விழுப்புரம் தாண்டிடணும்.”

“கேட்டுச்சிடா” என்றாள் திலகவதி. தன் குரல் இவ்வளவு பெரிதாக வரும் என்று அவளே நினைக்கவில்லை. “அம்மா கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சி. ரெண்டு தடவயும் கேட்டுச்சி. மழ அளந்துக்கிட்டு நின்னேன். அளந்து முடிச்சிட்டு, போன்ல போட்டுட்டு, அப்புறம்தான் எறங்கி வந்தேன்.”

கொளஞ்சி அக்காவைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் கத்துவான், கை ஓங்குவான், எதையாவது தூக்கிப் போட்டு உடைப்பான் என்று திலகவதி காத்திருந்தாள். உடைக்கட்டும், அவளுக்கும் அதுதான் வேண்டும். அவன் கழுத்துத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“அந்தப் பக்கம் புடிக்கா” என்றான் கடைசியில். “வண்டி நிக்கிது.”

அவள் அந்தப் பக்கம் போய்க் குனிந்தாள். அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒரு கையைக் கொடுத்து, இன்னொரு கையை இடுப்புக்கு அடியில் கொண்டுபோனாள்.

“அங்க புடிக்காத” என்றாள் அம்மா. “வலிக்குது.”